பணம் கொடுத்தவர் யார் என்று யார் சொல்ல வேண்டும்?

முகத்தில் பூசும் களிம்பு ஒன்றைப் பற்றி இன்ஸ்டாகிராமில் நாலு நல்ல வார்த்தை சொல்லப் பணம் வாங்கியவர், வாங்கியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் பல ஆண்டுகளாக இதை வலியுறுத்திவருகிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இதற்கெனத் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. காசு கைமாற வேண்டும் என்றுகூட இல்லை. களிம்பை இலவசமாகப் பெற்றிருந்தாலும் சொல்ல வேண்டும். சரி, அதே நபர் மறுநாள் ஒரு வேட்பாளர் தரப்பிடம் பணம் வாங்கிக்கொண்டு, நெடுநாள் யோசித்து எடுத்த முடிவு என்ற பாவனையில் அவரைப் புகழ்ந்து பேசுகிறார். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அந்த வீடியோவில் அவர் பணத்தைப் பற்றி மூச்சுவிட வேண்டியதில்லை. களிம்பு சரியில்லை என்றால் தூக்கி எறிந்துவிடலாம். போட்ட வாக்கை என்ன செய்வது?

தேர்தல் எந்த நாட்டில் நடந்தாலும் அந்த நாட்டு அரசியல் விளம்பரங்களின் காப்பகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மேய்வது என் கெட்ட பழக்கங்களில் ஒன்று. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் விளம்பர நூலகத்தில் விளம்பரம் யார் பெயரில் வந்தது, ஏறத்தாழ எவ்வளவு செலவானது, எந்த வயதினர் எந்தப் பகுதியில் பார்த்தார்கள் என்பதெல்லாம் கிடைக்கும். அரசியல் விளம்பரங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்கிறார்கள். முதலில் இது எனக்குப் பெரிய வரமாகத் தோன்றியது. பார்க்கப் பார்க்க வேறொரு சந்தேகம் வந்தது. விதிகள் எல்லாம் ஒரே வாசலில், அதாவது விளம்பரதாரர் தளத்துக்குப் பணம் கட்டும் இடத்தில், காவல் நிற்கின்றன. பணமோ வேறு வழி கண்டுபிடித்து வெகுநாளாகிவிட்டது.

தேர்தல் துண்டுப் பிரசுரத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்குமே, இந்த விதிகளின் மூதாதை அதுதான். இந்தியாவின் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127ஏ என்றொரு பிரிவு உண்டு. தேர்தல் பிரசுரத்திலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது அது. பிரிட்டனிலும் இந்த வழக்கம் பழையது. அச்சகங்கள் எண்ணிக்கையில் குறைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு, அதன் முதலாளிக்கு வழக்கைப் பற்றிய பயம் உண்டு. ஆகவே அவதூறான பிரசுரம் ஒன்று தெருவில் கிடந்தால் அதை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க ஓர் ஆள் இருந்தார். இந்த ஏற்பாடு முழுவதும் அந்த ஆளை நம்பியே இருந்தது.

இணையத்துக்கு இதை எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்வியில் அமெரிக்கா தடுமாறிய விதம் கொஞ்சம் வேடிக்கையானது. பேனா, சட்டையில் குத்தும் வில்லை போன்ற சின்னப் பொருள்களில் ‘இதற்குப் பணம் கொடுத்தவர் இன்னார்’ என்று அச்சிட இடம் இருக்காது என்பதால் அங்கே அவற்றுக்கு விலக்கு உண்டு. தன் விளம்பரங்களும் அப்படிச் சிறியவைதான், விலக்கு வேண்டும் என்று ஃபேஸ்புக் 2011இல் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்திடம் கேட்டது. ஆணையர்கள் மூவருக்கு மூவர் என்று பிரிந்து நின்றதால் முடிவே வரவில்லை. திரையில் இடமில்லை என்று ஒரு மென்பொருள் நிறுவனம் சொன்னதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. ஒரு சொடுக்கில் இன்னொரு பக்கம் திறக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததா?

முடிவில்லாத அந்த இடைவெளியில்தான் 2016 அதிபர் தேர்தல் வந்தது. ரஷ்யாவிலிருந்து இயங்கிய கணக்குகள் ஏறத்தாழ 1 லட்சம் டாலர் செலவில் சுமார் 3,000 விளம்பரங்கள் வாங்கியிருந்ததாக 2017 செப்டம்பரில் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. அவற்றில் சிலவற்றுக்கு ரூபிளில் கட்டணம் செலுத்தப்பட்டிருந்தது. அடுத்த மாதமே மூன்று செனட்டர்கள் இணைய விளம்பரங்களுக்கான நேர்மைச் சட்ட முன்வடிவு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது இன்றுவரை சட்டமாகவில்லை. சட்டம் வருவதற்குள் முந்திக்கொண்டு, 2018 மே மாதம் ஃபேஸ்புக் தானாகவே விளம்பரக் காப்பகத்தைத் திறந்து, ‘பணம் கொடுத்தவர்’ என்ற வரியையும் ஒவ்வோர் அரசியல் விளம்பரத்தின் தலையிலும் வைத்தது.

அந்த வரியின் யோக்கியதை சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. வைஸ் நியூஸ் செய்தியாளர்கள் 2018 அக்டோபரில் ஒரு சோதனை செய்தார்கள். அமெரிக்க செனட்டர்கள் 100 பேரின் பெயரிலும், ‘இன்னார் பணம் கொடுத்தது’ என்று போலியாகப் போட்டு விளம்பரம் கொடுக்க விண்ணப்பித்தார்கள். 100க்கும் அனுமதி கிடைத்தது. விளம்பரம் கொடுப்பவரின் அடையாள அட்டையைச் சரிபார்த்த நிறுவனம், அவர் அந்தப் பெட்டியில் எதைத் தட்டச்சு செய்கிறார் என்பதைச் சரிபார்க்கவில்லை. பின்னர் விதிகள் இறுகின என்பது உண்மை. ஆனாலும் 2020, 2021ஆம் ஆண்டு விளம்பரங்களை ஆராய்ந்த பெல்ஜிய, அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது ஆறுதல் தருவதாக இல்லை. ‘இது அரசியல் விளம்பரம்’ என்று விளம்பரதாரர் தாமாகச் சொல்லாத நேர்வுகளில், ஃபேஸ்புக் எடுத்த முடிவுகளில் 83 விழுக்காடு தவறானவை. சொன்னவர்களைப் பட்டியலில் சேர்த்தார்கள். சொல்லாதவர்களைக் கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் தப்பாகக் கண்டுபிடித்தார்கள்.

இதைவிடக் கடுமையான சட்டம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டன் மாநிலம் நல்ல சான்று. அங்கே 1972இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய வெளிப்படைத்தன்மைச் சட்டம் ஒன்று உண்டு. அதன் வழிவந்த விதிப்படி, அரசியல் விளம்பரத்தை விற்றவரிடம் பொதுமக்களில் எவரும் போய்க் கணக்குக் கேட்கலாம். யார் கொடுத்தது, எவ்வளவு, எந்த முறையில் என்று அவர் காட்டியாக வேண்டும். இந்த விதியை எத்தனை முறை படித்தாலும் எனக்குப் பிடிக்கிறது. தேர்தல் அதிகாரிக்கு மனு எழுதிக் காத்திருக்க வேண்டாம். விற்றவரிடம் நேரே போகலாம். 2018இல் கூகுள் அம்மாநிலத்தின் உள்ளூர் அரசியல் விளம்பரங்களை நிறுத்திக்கொண்டது. மெட்டாவும் நிறுத்துவதாக அறிவித்தது, ஆனால் விளம்பரங்கள் வந்துகொண்டேயிருந்தன. 822 மீறல்களுக்காக 2022இல் நீதிமன்றம் அதற்கு 2.46 கோடி டாலர் அபராதம் விதித்தது.

கனடாவில் 2018 சட்டம், தேர்தல் விளம்பரங்களுக்குப் பதிவேடு வைக்கச் சொன்னது. கூகுள் பதிவேட்டுக்குப் பதில் விளம்பரத்தையே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/900 என்ற எண்ணுள்ள ஒழுங்குமுறை 2025 அக்டோபர் 10 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பணம் கொடுத்தவர், தொகை, எந்தத் தேர்தல் தொடர்பானது, யாரைக் குறிவைத்தது என எல்லாவற்றையும் விளம்பரத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும், மீறினால் ஆண்டு வருவாயில் 6 விழுக்காடு வரை அபராதம். அந்த நாள் வருவதற்குள் கூகுளும் மெட்டாவும் ஐரோப்பாவில் அரசியல் விளம்பரங்களையே கைவிட்டன. கணக்குக் காட்டு என்றால் கடையைச் சாத்துகிறார்கள். இதில் நிறுவனங்களை மட்டும் திட்டிவிட்டு நகர எனக்கு மனமில்லை. எது அரசியல் என்று வரையறுப்பது உண்மையிலேயே கடினம். குடிநீர்த் தரம் பற்றி ஒரு தொண்டு அமைப்பு கொடுக்கும் விளம்பரம் அரசியலா? ஐரோப்பாவில் இப்போது அத்தகைய சின்ன அமைப்புகளும் சேர்ந்து வாயடைத்துப்போயின. பெரிய கட்சிகளுக்கு ஏற்கெனவே லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்கள் உண்டு. விளம்பரம் இல்லாமலும் சமாளிப்பார்கள்.

விளம்பரம் விற்கப்படாத தளத்தில் பணம் என்ன செய்யும்? ருமேனியா இதற்கு ஒரு பதில் தந்தது. டிக்டாக் 2019 முதலே அரசியல் விளம்பரங்களைத் தடை செய்திருக்கும் தளம். 2024 நவம்பர் 24 அன்று நடந்த ருமேனிய அதிபர் தேர்தலின் முதல் சுற்றில், கருத்துக்கணிப்புகள் பொருட்படுத்தாத கலின் ஜார்ஜெஸ்கு முதலிடம் பிடித்தார். அவருடைய பிரசாரம் பெரும்பாலும் டிக்டாக்கிலேயே நடந்தது. பிரசாரச் செலவு என்று அவர் அறிவித்த தொகை பூஜ்யம். பின்னர் வெளியிடப்பட்ட உளவுத்துறை ஆவணங்கள், ஒரே ஒரு கணக்கிலிருந்து மட்டும் ஒரு மாதத்தில் 3,81,000 டாலர் அவருக்கு ஆதரவாகப் பதிவிட்டவர்களுக்குப் போனதாகக் கூறின. டிசம்பர் 6 அன்று அரசமைப்பு நீதிமன்றம் தேர்தலையே ரத்துசெய்தது. ரத்துசெய்தது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கும் அதில் நிம்மதியில்லை. வாக்குப்பதிவுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய ஒரு கணக்கு பிறகு தெரியவந்ததால், நீதிபதிகள் கையில் கோடரியைத் தவிர வேறு கருவி மிஞ்சவில்லை என்பதே என் எண்ணம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் பயண வீடியோக்கள் போடுகிறார். பின்தொடர்பவர்கள் கணிசம், ஆனால் அரசியல் பேசுபவர் அல்லர். தேர்தல் நேரம் ஒன்றில் அவருக்கு ஒரு விளம்பர முகமை மின்னஞ்சல் அனுப்பியது. அதை எனக்குக் காட்டினார். எந்தக் கட்சி என்று அதில் இல்லை. சாலைகள் மேம்பட்டிருப்பதைப் பற்றி உங்கள் பாணியில் இயல்பாகப் பேசுங்கள், சொந்த அனுபவம் போல இருக்க வேண்டும், ‘விளம்பரம்’ அல்லது ‘கூட்டாண்மை’ என்ற குறிச்சொற்களைப் போட வேண்டாம், இந்த ஏற்பாட்டை வெளியே சொல்லக் கூடாது. கட்டணச் சீட்டில் ‘வீடியோ தயாரிப்புச் சேவை’ என்று எழுதச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார், கொள்கைக்காக அன்று. அந்தச் சாலைகளில் அவர் போனதே இல்லை என்பதால். ஒப்புக்கொண்டிருந்தாலும், கேட்டால் ‘யாருக்காகப் பேசினேன் என்று எனக்குத் தெரியாது’ என்பது அவருடைய நேர்மையான பதிலாகவே இருந்திருக்கும்.

இந்த அறியாமை சில சமயம் திட்டமிட்டே ஏற்படுத்தப்படுகிறது. 2024 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை தாக்கல்செய்த குற்றப்பத்திரிகை ஒன்றின்படி, ரஷ்ய அரசு ஊடகமான ஆர்டி-யின் ஊழியர்கள் இருவர் டென்னசி மாநிலத்தில் இயங்கிய ஒரு வீடியோ நிறுவனத்துக்கு ஏறத்தாழ 1 கோடி டாலரை மறைமுகமாகச் செலுத்தினார்கள். இல்லாத ஒரு முதலீட்டாளரின் பெயர் அதற்குத் திரையாகப் பயன்பட்டது. அந்த நிறுவனத்துக்காக வீடியோ போட்ட பிரபலங்களில் சிலர், தாங்களும் ஏமாற்றப்பட்டவர்களே என்றார்கள். குற்றச்சாட்டுதான், தீர்ப்பு இல்லை. என்றாலும், வீடியோ போடுபவர் அடியில் ஒரு குறிச்சொல் போட்டால் போதும் என்று எழுதப்பட்ட எந்த விதியும் இங்கே ஒன்றும் செய்திருக்காது. அவருக்கே தெரியாததை அவர் எப்படிக் குறிப்பார்?

2020 பிப்ரவரியில் அமெரிக்கக் கோடீஸ்வரர் மைக்கேல் புளூம்பெர்க் அதிபர் வேட்பாளராக முயன்றபோது, பெரிய நகைச்சுவை இன்ஸ்டாகிராம் கணக்குகளுக்குப் பணம் கொடுத்து மீம்கள் போடவைத்தார். மறைக்காமல் செய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். விளம்பரம் என்ற குறிப்பே நகைச்சுவையின் ஒரு பகுதியாக இருந்தது. இதற்கு விதி இல்லாமல் திகைத்த ஃபேஸ்புக், அத்தகைய பதிவுகளை அனுமதித்து, குறிச்சொல் கட்டாயம் என்றது. ஆனால் பணம் தன் கைக்கு வராததால் அவை விளம்பர நூலகத்தில் சேராது என்றும் சொன்னது. நான் ஆசையாக மேய்கிற அந்தக் காப்பகத்தில் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் இணைய விளம்பர விதிகளை ஒருவழியாகப் புதுப்பித்தபோதும், பணம் வாங்கிப் பதிவிடும் தனிநபரைத் தொடவில்லை. கட்சிகள் செலவுக் கணக்குத் தாக்கல்செய்கின்றன என்பார்கள். அதில் ஆலோசனை நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்த நிறுவனம் யார் யாருக்குப் பிரித்துக் கொடுத்தது என்பது இருக்காது.

அப்படியானால் எல்லாரும் எல்லாவற்றையும் பெயர் போட்டுத்தான் சொல்ல வேண்டுமா? இங்கே நான் பின்வாங்குகிறேன். 1988இல் ஒஹையோ மாநிலத்தில் மார்கரெட் மெக்கின்டயர் என்ற பெண், பள்ளி வரி உயர்வை எதிர்த்துத் தாமே தயாரித்த துண்டுப் பிரசுரங்களை விநியோகித்தார். சிலவற்றில் பெயருக்குப் பதில் கவலையுள்ள பெற்றோரும் வரி செலுத்துவோரும் என்று மட்டும் இருந்தது. பெயர் போடாத குற்றத்துக்கு 100 டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1995இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அப்போது அவர் உயிருடன் இல்லை. தன் கைக்காசில் தன் கருத்தைச் சொல்பவர் பெயரை மறைத்துக்கொள்ளும் உரிமை அற்பமானது அன்று. அதிகாரத்தில் இருப்பவரை விமர்சிக்கும் ஆசிரியருக்கோ அரசு ஊழியருக்கோ பெயர் போடச் சொல்வது, பேசாதே என்று சொல்வதற்குச் சமம்.

பிரிட்டனின் 2022ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் இந்த இடத்தில் ஓரளவு நிதானமாக நடந்துகொண்டிருக்கிறது. 2023 நவம்பர் முதல் அங்கே நடைமுறையில் உள்ள விதிப்படி, பணம் கொடுத்து வெளியிடப்படும் அரசியல் விளம்பரத்தில், யார் கொடுத்திருந்தாலும், பெயரும் முகவரியும் வேண்டும். பணமில்லாத பதிவு என்றால் கட்சி, வேட்பாளர், பதிவுபெற்ற பிரசார அமைப்பு முதலானோருக்கு மட்டுமே அந்தக் கட்டாயம். சாதாரண மனிதர் கோபத்தில் எழுதும் பதிவைச் சட்டம் சீண்டுவதில்லை. முகவரி என்பது வீட்டு முகவரியாக இருக்க வேண்டியதில்லை, தபால் பெட்டி எண்ணும் போதும். கோடு போட வேண்டிய இடம் இதுதான் என்று எனக்கும் படுகிறது: கருத்து யாருடையது என்று கேட்காமல், காசு கைமாறியதா என்று மட்டும் கேட்பது.

காசு கைமாறியதை அறிவிக்கும் கடமை முதலில் கொடுத்தவருடையதாக இருக்க வேண்டும். இன்றைய பேச்சு பெரும்பாலும் வாங்கியவரைச் சுற்றியே நடக்கிறது: அவர் குறிச்சொல் போட்டாரா, எழுத்து எத்தனை பெரிதாக இருந்தது, வீடியோவின் தொடக்கத்திலா முடிவிலா என்று. குறிச்சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இருக்கட்டும். ஆனால் பத்தொன்பது வயதில் வீடியோ போடும் ஒருவரைவிட, வழக்கறிஞரும் கணக்காளரும் வைத்திருக்கும் கட்சிக்கு விதி தெரியும். கட்சி, வேட்பாளர், அவர்களுக்காகச் செலவு செய்யும் அமைப்பு ஆகியோர், எந்தக் கணக்குக்கு எவ்வளவு, யார் வழியாக என்று பொதுப் பதிவேட்டில் போட வேண்டும். இடையில் எத்தனை முகமைகள் இருந்தாலும் கடைசியாகப் பணம் வாங்கியவர் வரை அந்தப் பதிவு போக வேண்டும். வெளியே சொல்லக் கூடாது என்ற ஒப்பந்தப் பிரிவு செல்லாது என்று சட்டமே சொல்ல வேண்டும்.

எப்போது என்பதும் முக்கியம். இந்தியாவில் வேட்பாளர் செலவுக் கணக்கைத் தாக்கல்செய்யக் கெடு, முடிவு வெளியானதிலிருந்து 30 நாள். வரலாற்று ஆசிரியர்களுக்கு அது உதவும். உடனுக்குடன் அறிவிப்பது முடியாத காரியம் என்பவர்களுக்கு அமெரிக்காவிலேயே பதில் இருக்கிறது. வாக்குப்பதிவுக்கு முந்தைய 20 நாள்களில் வேட்பாளர் குழுவுக்கு 1,000 டாலரோ அதற்கு மேலோ நன்கொடை வந்தால் 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். சுயேச்சையாகச் செலவு செய்யும் குழுக்களுக்கு அதே நாள்களில் 24 மணி நேரம்தான். படிவமும் இணையதளமும் பழக்கமும் ஏற்கெனவே இருக்கின்றன. அதில் இன்னொரு கட்டத்தைச் சேர்ப்பது பெரிய புரட்சி ஆகாது.

பொய் சொன்னால்? பூஜ்யம் என்று எழுதிக்கொடுத்தால்? சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் இன்று மறைத்தவருக்கு எதிராக எடுத்துக்காட்டப் பல நாடுகளில் ஆவணமே இல்லை. கையெழுத்திட்ட பட்டியல் ஒன்று இருந்தால், அதில் விடுபட்ட நூறு பேரில் யாரோ ஒருவர் தம் மின்னஞ்சலைக் காட்டினாலே பொய் சட்டப்படி நிரூபணமாகும். வீடியோ போடுபவர்களால் ரகசியத்தை நெடுநாள் காப்பாற்ற முடிவதில்லை என்பதும் என் அனுபவம்.

காசாக வராத சலுகைகள் பற்றி நண்பர்களுடன் ஓயாமல் வாதிட்டிருக்கிறேன். 2024இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சி தன் மாநாட்டுக்கு 200க்கும் மேற்பட்ட சமூக ஊடகப் படைப்பாளிகளுக்கு அனுமதி அட்டை கொடுத்தது. அதுவும் கட்டணம்தானே என்றார் ஒருவர். உள்ளே விடுவது கட்டணம் ஆகாது. செய்தியாளர்களுக்கும் அது கிடைக்கிறது. விமான டிக்கெட்டும் அறை வாடகையும் கொடுத்தால் அது கட்டணம், பட்டியலில் ஏற வேண்டும்.

எனக்கே இன்னும் உறுத்தலாக இருப்பது மாதச் சம்பளக்காரர்கள் விஷயம். கட்சியின் சமூக ஊடகப் பிரிவில் வேலை பார்ப்பவர், பூப்படம் வைத்த பெயரில்லாக் கணக்கிலிருந்து நாளெல்லாம் எழுதுகிறார். இந்தியத் தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரிலேயே, சமூக ஊடகக் கணக்குகளைப் பராமரிக்கும் ஆள்களின் சம்பளத்தையும் தேர்தல் செலவில் சேர்க்கச் சொல்லிவிட்டது. வேட்பாளர் தம் அதிகாரபூர்வக் கணக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்கவும் வேண்டும். ஆனால் சம்பளம் ஒரு மொத்தத் தொகையாக ஏறுகிறது, பூப்படக் கணக்கு எந்தப் பத்திரத்திலும் ஏறுவதில்லை. அந்த ஊழியரின் பெயரை ஊரறியப் போடச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. குறைந்த சம்பளத்துக்கு உழைப்பவர், நாளை வேறு வேலை தேட வேண்டியவர். அவர் சம்பளத்துக்காக இயக்கும் கணக்குகளின் பெயர்களை மட்டும் கட்சி அந்தப் பட்டியலில் சேர்க்கட்டும். இரவு வீட்டுக்குப் போய்ச் சொந்தக் கணக்கில் அவர் அதே கட்சியைத் திட்டினாலும் அது அவர் பாடு.